பழைய கதவு, நிலை பீடிங்குக்குப் பொருந்தும் ரவுட்டர் பிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி பக்கம் பழைய ஓட்டு வீடுகளைப் பழுது பார்க்கப் போனால் ஒரே காட்சிதான். நிலையின் அடியில் ஒன்றரை அடி கரையான் அரித்திருக்கும். அதற்கு மேலே உள்ள மரம் வைரம் பாய்ந்து அப்படியே நிற்கும். அந்த ஒன்றரை அடிக்குப் பொருந்துகிற பீடிங், அதாவது ஓரத்தில் அலங்காரமாக இழைத்த பட்டி, எங்கேயும் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக முழு நிலையையும் பெயர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. ரவுட்டர் என்பது வேகமாகச் சுற்றி மரத்தில் வடிவம் வெட்டும் மெஷின்; பிட் என்பது அதில் மாட்டும் வெட்டு முனை. பொருந்துகிற பிட் இருந்தால் அதே வடிவத்தை இன்றைக்கும் மரத்தில் கொண்டுவர முடியும். வீட்டுக்காரர்களும் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகளும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிற சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

"கடையில விக்கிற பிட்டுலயே ஓட்டிக்கலாமே? எதுக்குங்க தனியா பிட் செய்யணும்?"

பல வேலைகளுக்குக் கடைப் பிட்டே போதும். அதனால் முதலில் அந்த வழியைத்தான் பார்க்க வேண்டும். பழைய பீடிங்கைக் குறுக்கே வெட்டிய முகத்தை உற்றுப் பாருங்கள். கால் வட்டம், உள்குழிவு, சின்னப் படி, எஸ் வளைவு என்று இரண்டு மூன்று உறுப்புகள் அடுக்கியதாகவே பெரும்பாலும் இருக்கும். ரவுண்ட் ஓவர் (கால் வட்டம்), கோவ் (உள்குழிவு), ஓஜி (எஸ் வளைவு), நேர் பிட் (படி) ஆகியவற்றில் இரண்டு மூன்றை அடுத்தடுத்து ஓட்டினால் வடிவம் வந்துவிடலாம்.

வராவிட்டால் அதற்கும் காரணம் உண்டு. ரவுட்டர் வருவதற்கு முன்னால் பீடிங்கை இழைப்புளியில் இழுத்தார்கள். அதன் பிளேடை ஆசாரி தன் கையாலேயே தீட்டிக்கொண்டார். அவர் கண்ணுக்குப் பிடித்த வளைவுதான் அளவு. அது சரியான வட்டமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. அளவும் நூல் கணக்கில் போனது. இஞ்சுக்கு 8 நூல். ஒரு நூல் 3.175 மி.மீ. மூன்று நூல் ஆரம் உள்ள வளைவு 9.5 மி.மீ. சொச்சம் வரும். அதற்கு 10 மி.மீ. பிட்டை ஓட்டிப் பழைய துண்டின் பக்கத்தில் வைத்தால் கைவிரலுக்கே வித்தியாசம் தெரியும். 3/8 இஞ்ச் பிட் என்று கேட்டு வாங்கினால் பொருந்தும்.

"எத்தனை அடி இருந்தா தனி பிட் கட்டுப்படியாகும்?"

என் கணக்கு இது. பத்து அடிக்குள் என்றால் தனி பிட் வேண்டாம். கடைப் பிட்டில் முக்கால்வாசி வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டு, மீதியைச் சுரண்டித் தகட்டில் முடிக்கலாம். பழைய கை ரம்பத்தின் தகட்டில் ஒரு துண்டை நறுக்கி, பீடிங்கின் எதிர் வடிவத்தை அரத்தால் ராவி எடுத்து, ஒரு மரக்கட்டையின் பிளவில் செருகினால் கருவி தயார். கட்டையின் தோள் மரத்தின் ஓரத்தில் உரசிக்கொண்டே போக, தகடு கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். தேக்கு, வேங்கை இரண்டிலும் அருமையாக வேலை செய்யும். நரம்பு (மரத்தின் ரேகை) எதிராக ஓடுகிற இடத்தில்கூட ரவுட்டரைவிடச் சுத்தமாக வரும்.

முப்பது அடியைத் தாண்டினால் தனி பிட் செய்துவிடுங்கள். இடைப்பட்ட அளவுகளுக்கு, வீட்டில் இன்னும் எத்தனை கதவு இதே நிலையில் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம். இன்று ஒரு நிலையில் கரையான் என்றால், அதே சுவரில் உள்ள அடுத்த நிலையையும் தட்டிப் பார்ப்பது நல்லது.

"போன்ல போட்டோ எடுத்து அனுப்பறேங்க, போதாதா?"

போதாது. எத்தனையோ பேர் அனுப்புகிறார்கள். அதை வைத்து என்ன மாதிரி வடிவம் என்று சொல்லலாம், பிட் செய்ய முடியாது. போனைக் கொஞ்சம் சாய்த்தாலே வளைவு நீண்டோ சுருங்கியோ தெரியும். பக்கத்தில் எடுக்க எடுக்க விளிம்புகள் உப்பும். அரை மி.மீ. பிசகினாலும் பழையதும் புதியதும் சேரும் இடத்தில் பக்கவாட்டு வெளிச்சம் படும்போது கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

வேண்டியது குறுக்கு வெட்டுத் துண்டு ஒன்று. எப்படியும் மாற்றப்போகிற, கரையான் தொட்ட பகுதிக்குச் சற்று மேலே, நல்ல மரமாக இருக்கும் இடத்தில் சின்னப் பல் ரம்பத்தால் 4 மி.மீ. தடிமனுக்கு ஒரு சீவல் எடுங்கள். ரம்பம் மரத்துக்குச் சரியாக 90 டிகிரியில் இருக்க வேண்டும். சீவலின் முகத்தை ஒட்டி இருக்கிற பெயிண்ட் அடுக்கை உளி முனையால் நீக்குங்கள். பல தடவை அடித்த எனாமல், உள்குழிவில் தேங்கி ஒரு நூல் கனம்கூட இருக்கும். மேட்டில் மெல்லியதாக இருக்கும். அதை நீக்காமல் அளவெடுத்தால் நீங்கள் மரத்தை விட்டுவிட்டுப் பெயிண்டைத்தான் நகல் எடுக்கிறீர்கள்.

பிறகு ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். சீவலைக் கண்ணாடித் தட்டு ஸ்கேனரில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேல் படத்தில் இருப்பதால் பிட் செய்பவர் எந்தக் கணினியில் திறந்தாலும் அளவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். சீவலைத் தூக்கிப் போடாதீர்கள். காகிதத்தைவிட அந்தச் சீவலுக்குத்தான் மதிப்பு. பட்டறைக்கு அதையும் எடுத்துப் போக வேண்டும்.

"வெட்ட மனசு வரலைங்க, தாத்தா காலத்து நிலை. வெட்டாம எடுக்க வழி இருக்கா?"

இருக்கிறது. மெல்லிய ஊசிகள் வரிசையாக உள்ள புரொஃபைல் கேஜ் கிடைக்கும். அதை அழுத்தினால் ஊசிகள் பின்வாங்கி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரிய வளைவுகளுக்கு நல்லது. குறுகலான பள்ளத்துக்குள் ஊசி இறங்காது, ஆகவே கூர்மையான மூலைகளை மழுக்கிக் காட்டும். அதற்கு அச்சு எடுப்பதுதான் வழி. பீடிங்கின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் படிய வைத்து, எம்-சீல் உருண்டையை அழுத்தி, இறுகியதும் கழற்றுங்கள். அச்சைக் குறுக்கே அறுத்தால் எதிர் வடிவம் கிடைக்கும்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. கதவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், பீடிங்கைக் குறுக்கே மெல்லிய ரம்பத்தால் ஒரே ஒரு கீறல் போடுங்கள். அதில் ஒரு கெட்டி அட்டையைச் செருகிக் கூரான பென்சிலால் வடிவத்தை வரைந்துகொண்டு, கீறலை அதே மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிடலாம். நிலைக்கு ஒன்றும் ஆகாது.

"மூலையில 45 டிகிரி வெட்டின துண்டு கையில இருக்கு. அதோட முகத்தை வரைஞ்சுக்கலாமா?"

கூடாது. சாய்த்து வெட்டிய முகத்தில் அகலம் 1.414 மடங்கு நீண்டுவிடும். தடிமன் மட்டும் மாறாது. 2 இஞ்ச் பட்டி அந்த முகத்தில் 2.8 இஞ்சுக்கு மேல் காட்டும். வட்டம் முட்டை வடிவமாகிவிடும். அந்தத் துண்டிலிருந்தே 90 டிகிரியில் ஒரு சீவல் எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஒரே வீட்டுல ரெண்டு கதவு பீடிங்கும் ஒண்ணு மாதிரி இல்லையே. எதை வெச்சு செய்யறது?"

கை இழைப்புளியில் இழுத்ததென்றால் அப்படித்தான் இருக்கும். பிளேடை மறுபடி தீட்டும்போது வடிவம் சற்று நகர்ந்திருக்கும். போதாததற்குக் கை பட்டுப் பட்டு, உப்புக்காகிதம் போட்டுப் போட்டு மேடுகள் தேய்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்க நினைக்காதீர்கள். அது எதனோடும் பொருந்தாது. புதுத் துண்டு எந்தப் பழைய துண்டோடு முட்டப்போகிறதோ அதை வைத்துச் செய்யுங்கள். கதவு முழுவதற்கும் புதுப் பட்டி என்றால் மட்டும், கை எட்டாத மேல் குறுக்குப் பட்டியில் அளவெடுங்கள். அங்கேதான் ஆசாரி இழுத்த வடிவம் தேயாமல் இருக்கும்.

"பெயிண்ட்டை எப்படிங்க எடுக்கறது? கிரைண்டர்ல உப்புத்தாள் போட்டுடலாமா?"

வேண்டவே வேண்டாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். குழந்தைகளுக்கு அது மூளையைப் பாதிக்கிற விஷம். பெயிண்ட் ரிமூவர் தடவியோ ஈரமாக்கியோ சுரண்டி, கீழே பிளாஸ்டிக் விரித்துத் தூளைச் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

"பிட் எங்க செய்வாங்க? பக்கத்து லேத்துல சொன்னா வெல்டிங் வெச்சு குடுக்கறேங்கறார்."

வெல்டிங் வைத்த பிட்டைத் தயவுசெய்து மெஷினில் மாட்டாதீர்கள். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றும் பொருள் அது. ஒரு பக்கம் எடை கூடினாலே மெஷின் உதறும். பற்றவைத்த இடம் விட்டால் அந்தத் துண்டு எங்கே போய்ப் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டர் செய்யவும் தீட்டவும் தெரிந்த டூல் அண்டு கட்டர் கிரைண்டிங் பட்டறைதான் இதற்கு வேண்டும். நம் மாவட்டத்தில் ஓசூர் சிப்காட்டைச் சுற்றித் தேடினால் போதும். ஆலைகளை நம்பி வளர்ந்த ஊர் என்பதால் கட்டர் வேலை, வயர் கட் வேலை தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மின்பொறி பாயும் மெல்லிய கம்பியால் அறுப்பதுதான் வயர் கட்; அந்த மெஷினால் எஃகைவிடக் கடினமான கார்பைடைக்கூட வடிவமாக அறுக்க முடியும். அவர்களில் பலருக்கு இரும்பு வெட்டும் கட்டர்தான் பழக்கம். அதனால் இது மரத்துக்கு, கையால் தள்ளி ஓட்டப்போகிற பிட் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைத்தள்ளல் பிட்டில் வெட்டும் விளிம்பு உடம்பைவிட 1.1 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. ஒரே கடியில் அதிக மரத்தைப் பிடித்துத் துண்டைத் தூக்கி எறியாமல் இருக்கத்தான் அந்த அளவு.

கொண்டுபோக வேண்டியவை: மேலே சொன்ன சீவலும் ஸ்கேனும், உங்கள் மெஷின் காலெட்டின் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் கவ்வியின்) அளவு, மெஷின் சுற்றும் வேகம், பேரிங் (மரத்தின் ஓரத்தில் உருண்டு பிட்டுக்கு வழிகாட்டும் சின்னச் சக்கரம்) வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு. காலெட் அளவில் கவனம் தேவை. 12 மி.மீ. காலெட்டும் அரை இஞ்ச் காலெட்டும் வேறு வேறு. அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ. அதேபோல் 6 மி.மீ.யும் கால் இஞ்சும் வேறு. ஒன்றில் மற்றொன்றைச் செருகி இறுக்கினால் பிட் வழுக்கி வெளியே வரும். பிட்டின் தண்டில் அதிகபட்ச சுற்று வேகத்தைப் பொறித்துத் தரச் சொல்லுங்கள்.

"எச்எஸ்எஸ் வாங்கறதா, கார்பைடா?"

நாற்பது ஐம்பது அடி வேம்பிலோ மாவிலோ ஓட்டி முடித்துவிடுவதென்றால் எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற எஃகு) போதும். தீட்டுவதும் சுலபம், விளிம்பும் கூராக வரும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் எச்எஸ்எஸ் சீக்கிரம் மழுங்கும், தேக்கென்றால் கார்பைடு. தீட்டும்போது இரண்டுக்கும் ஒரே விதி. தட்டையான முன் முகத்தை மட்டும் தேயுங்கள். வளைந்த விளிம்பைத் தொட்டால் வடிவம் போய்விடும், பிட் செய்த காசும் போய்விடும்.

"வரைஞ்ச மாதிரியே பிளேடு வெட்டிக் குடுத்தாங்க. ஆனா மரத்துல ஆழம் குறையுது. ஏன்?"

வெட்டும் முகம் பிட்டின் மையக் கோட்டில் சரியாக அமையாமல் சற்று முன்னால் தள்ளி இருந்தால் இப்படி ஆகும். முகம் மையக் கோட்டிலேயே இருந்தால் பிளேடின் வடிவமும் மரத்தின் வடிவமும் ஒன்று. சீவல் இலகுவாக வர வேண்டும் என்று முகத்தைத் தள்ளி வைப்பார்கள். அப்போது பிளேடில் உள்ள தூரமும் மையத்திலிருந்து வெட்டும் தூரமும் ஒன்றாக இருக்காது.

கணக்கு எளிது. முகம் 2 மி.மீ. தள்ளியிருக்கிறது, மரத்தில் 6 மி.மீ. ஆரத்திலிருந்து 25 மி.மீ. ஆரம் வரை 19 மி.மீ. ஆழம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6இன் வர்க்கம் 36. அதில் 2இன் வர்க்கமான 4ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 5.66. அதேபோல் 25க்கு 24.92. ஆக பிளேடில் 19.26 மி.மீ. வெட்ட வேண்டும். கால் மி.மீ. தானே என்று விட்டால், மேலே போட்டோ பற்றிச் சொன்னேனே, அந்தக் கோடு தெரிந்துவிடும். மையத்துக்குக் கிட்டே இருக்கும் வளைவுகளில்தான் திருத்தம் அதிகம். இதை எல்லாம் நீங்களே போடத் தேவையில்லை, ஆனால் "முகம் எவ்வளவு தள்ளி இருக்கு, அதுக்குத் திருத்தம் போட்டீங்களா?" என்று பட்டறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"என்கிட்ட டிரிம்மர்தான் இருக்கு. பெரிய பிட்டை அதுல மாட்டிக்கலாமா?"

மாட்டக்கூடாது. டிரிம்மர் என்பது ஒரு கையில் பிடிக்கிற சின்ன ரவுட்டர்; 30,000 சுற்றுப் பக்கம் ஓடும், காலெட்டும் சின்னது. 50 மி.மீ. விட்டமுள்ள பிட் 24,000 சுற்றில் ஓடினாலே அதன் விளிம்பு நொடிக்கு 63 மீட்டர் வேகத்தில் போகும். வேகத்தை 12,000க்குக் குறைத்தால்தான் அது 25 மி.மீ. பிட் 24,000இல் ஓடுவதற்குச் சமம். ஆகவே பெரிய பிட்டுக்கு வேகம் குறைக்கும் வசதியும் அரை இஞ்ச் காலெட்டும் உள்ள ரவுட்டர் வேண்டும்; அதுவும் மேசைக்கு அடியில் பொருத்தி. தண்டைக் காலெட்டுக்குள் முழுக்க இறக்கி, அடியில் முட்டாதபடி 2 அல்லது 3 மி.மீ. மேலே இழுத்து இறுக்குங்கள்.

"ஓட்டும்போது கருகுது, சில இடத்துல பிசிறு பிசிறா பிய்யுது."

கருகினால் பிட் மழுங்கியிருக்கிறது, அல்லது தள்ளும்போது நடுவில் நிறுத்துகிறீர்கள். பிய்ந்தால் ஒரே ஓட்டத்தில் அதிகம் எடுக்கிறீர்கள், அல்லது நரம்புக்கு எதிராகப் போகிறீர்கள். மூன்று நான்கு ஓட்டமாகப் பிரித்து, கடைசி ஓட்டத்துக்கு அரை மி.மீ. மட்டும் மிச்சம் வையுங்கள். மேசையில் வேலிப் பலகையை (மரத்தை ஒட்டித் தள்ள நேராக நிற்கும் பலகையை) பார்த்து நின்று வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். திருப்பித் தள்ளினால் பிட் மரத்தை இழுத்துக்கொண்டு ஓடும், கையும் கூடவே போகும்.

மெல்லிய பட்டியை நேராக மேசையில் ஓட்டாதீர்கள். அகலமான பலகையின் ஓரத்தில் வடிவத்தை ஓட்டி முடித்து, பிறகு பட்டியை அறுத்து எடுங்கள். அதிராது, விரலும் பிட்டிலிருந்து தள்ளியே இருக்கும். முகமூடி கட்டாயம்; மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே வகைப்படுத்தியிருக்கிறது. கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 போடுங்கள்.

"ரெண்டு மூணு பிட்டை மாத்தி ஓட்டும்போது கடைசியில பேரிங் உருள இடமே இல்லாம போயிடுதே?"

பேரிங் உருளும் விளிம்பைக் கடைசி வரை தொடாமல் வைக்க வேண்டும். எந்த வெட்டு அந்த விளிம்பைத் தின்னுமோ அதுதான் கடைசி. முடிந்தால் பேரிங்கை நம்பாமல் வேலிப் பலகையை வைத்தே எல்லாவற்றையும் ஓட்டுங்கள். ஒவ்வொரு பிட்டுக்கும் மெஷினைச் செட் செய்ததும் எல்லாப் பட்டிகளையும் சோதனைத் துண்டையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட வேண்டும். கழற்றி மறுநாள் மாட்டினால் அதே உயரம் திரும்ப வராது. தேவைக்கு மேல் கால் பங்கு நீளம் அதிகமாகவே ஓட்டி வையுங்கள்.

"நாலு இஞ்ச் அகல பட்டிங்க. இதுக்கும் ஒரே பிட்டா?"

இல்லை. அவ்வளவு பெரிய பிட்டைக் கையால் தள்ளி ஓட்டுவது ஆபத்து. வடிவத்தைப் படிகளில் பிரித்து, இரண்டு மூன்று பட்டிகளாகத் தனித்தனியே ஓட்டி ஒட்டுங்கள். ஒட்டும் கோடு படியின் உள்மூலையில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. நிறைய நீளம் வேண்டுமென்றால் ஸ்பிண்டில் மோல்டர் (மேசையோடு கூடிய பெரிய வடிவம் வெட்டும் மெஷின்) உள்ள மரப்பட்டறையில் பிளேடு மட்டும் செய்து கொடுத்து ஓட்டிக்கொள்ளலாம்.

"பழைய மரம் தேக்கா வேங்கையான்னு தெரியல. எதுல செய்யறது?"

ஒரு பிடி சீவலைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள். வேங்கையின் வைரமாக இருந்தால் தண்ணீர் பழுப்பேறி, வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது ஓரத்தில் நீலம் மினுக்கும். தேக்கு அப்படிச் செய்யாது. புதிதாக இழைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் தோல் வாசனையும் வரும்.

இடித்த வீட்டு மரம் விற்கும் கடைகளில் அதே இன மரம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பல வருடம் காய்ந்து அடங்கிய மரம், இனி அதிகம் சுருங்காது. பிட்டில் படுவதற்கு முன்னால் ஒவ்வோர் ஆணியையும் காந்தம் வைத்துத் தேடி எடுத்துவிடுங்கள். கார்பைடு ஒரு ஆணியில் பட்டாலே பல் உடையும். புது மரமென்றால் வேலை நடக்கும் வீட்டிலேயே சில வாரம் அடுக்கி வைத்த பிறகு ஓட்டுங்கள். ஓசூர், தளியின் குளிர்ச்சிக்கும் தருமபுரி வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஈரமரம் சுருங்கி, பொருத்தமாக இருந்த வடிவம் பொருந்தாமல் போகும்.

"எல்லாம் சரியா வந்துச்சு. ஆனா பழசும் புதுசும் சேர்ற இடம் தெரியுதுங்களே?"

நேராக வெட்டி முட்டவைத்தால் தெரியத்தான் செய்யும். இரண்டு துண்டையும் நீளவாக்கில் சாய்த்து, தடிமனுக்கு ஏழெட்டு மடங்கு நீளமான சாய்வில் வெட்டி ஒட்டுங்கள். சேரும் கோடு நரம்போடு சேர்ந்து ஓடி மறையும். ஒட்டுவதற்கு முன் நரம்பு ஓடும் திசை இரண்டிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். எதிரெதிராக இருந்தால் வார்னிஷ் போட்டதும் ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் தெரியும்.

பசை காய்ந்ததும், முதலில் சொன்ன சுரண்டித் தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய துண்டின் மேல் அரை அடியில் தொடங்கி, புதியதன் மேல் அரை அடி வரை ஒரே இழுப்பாக இழுங்கள். பழையதன் மேடு தேய்ந்திருந்தால் புதியதையும் அந்த அளவுக்குத் தணித்துக்கொண்டே போகலாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். விரல் எங்கே தடுக்குகிறதோ அங்கே இன்னும் இரண்டு இழுப்பு. தடுக்காமல் போனால் பெயிண்ட் அடிக்கலாம்.